விழாக்களத்தில் ஸ்காட்லாந்து ஆடல்: மரபு பற்றிய ஓர் ஆய்வு

ஒரு நாட்டு மக்களின் ஆடலை மதிப்பிடப் புகுவோர் இரு வினாக்களை எதிர்கொள்கின்றனர். அவ்வாடல் எக்காலத்தது என்பது ஒன்று. அஃது எத்தகையது என்பது மற்றொன்று. முன்னையது வரலாற்றின்பாற்பட்டது, பின்னையது திறனாய்வின்பாற்பட்டது. இவ்விரண்டும் தம்முள் தொடர்புடையனவேயாயினும், ஒன்றற்குரிய விடையை மற்றொன்றற்கும் விடையாகக் கொள்ளுதல் பொருந்தாது. பழமையுடையது ஆதலின் சிறந்தது என்பதும், அண்மையில் தோன்றியது ஆதலின் போலி என்பதும் ஒரே பிழையின் இருவேறு வடிவங்களாம். இப்பிழை பெரிதும் பயின்று வரும் துறைகளுள் ஸ்காட்லாந்து நாட்டு மரபாடல் பற்றிய எழுத்தும் ஒன்றாகும். அந்நாட்டு விழாக்களில் நிகழும் ஆடல்களை எடுத்துக்கொண்டு, அவற்றுள் மரபு எனத் தக்கது யாது என்பதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விழாவும் அதன் இரு களங்களும்

ஸ்காட்லாந்தின் வடக்கிலும் மேற்கிலும் அமைந்த மலைநாடு ஹைலாந்து எனப்படும். கேலிக் என்பது அம்மலைநாட்டாரின் பழைய மொழி. மே முதல் செப்டம்பர் வரையுள்ள திங்கள்களில் ஸ்காட்லாந்தின் ஊர்கள் பலவற்றில் ஹைலாந்து விழாக்கள் நடைபெறுகின்றன. நெடிய மரத்தண்டினைத் தூக்கி எறிதல், கல் எறிதல், சம்மட்டி எறிதல், ஓட்டம் ஆகிய உடல்வலிப் போட்டிகளும், பேக்பைப் எனப்படும் பைக்குழலிசைப் போட்டிகளும், ஆடற்போட்டிகளும் ஒரே திடலில் நிகழ்வது இவ்விழாக்களின் இயல்பு. பிரேமார் என்னும் ஊரில் செப்டம்பர்த் திங்களின் முதற் சனிக்கிழமை நிகழும் விழா அரச குடும்பத்தாரின் வருகையால் பெயர் பெற்றது. டனூன் என்னும் கடற்கரையூரில் ஆகஸ்டுத் திங்களின் இறுதியில் நிகழும் கௌவல் விழா 1894ஆம் ஆண்டில் தோன்றியது. ஹைலாந்து ஆடலுக்குரிய உலக வாகைப் போட்டி இவ்விழாவிலேயே நடைபெறுவதால், ஆடற்கலையைப் பொறுத்தவரை இதனையே தலைமை விழா எனலாம்.

இத்தகைய விழா ஒன்றிற்குச் செல்வோர் ஆடலை இருவேறு களங்களிற் காண்பர். பகலில், திடலில் அமைத்த மரமேடைமீது மூவரோ நால்வரோ ஏறி நிற்பர். குழலோன் இசை தொடங்கியதும் தலைவணங்கி ஆடுவர். மேடையின் முன் அமர்ந்த நடுவர் ஒவ்வொருவர்க்கும் மதிப்பெண் இடுவர். சூழ நிற்கும் மக்கள் காண்போரே, ஆடுவோர் அல்லர். மாலையில், மண்டபத்திலோ பெருங்கூடாரத்திலோ கெய்லி என வழங்கும் கூட்டாடல் நிகழும். பிடிலும் அக்கார்டியனும் இசைக்க, ஒருவர் முன்னின்று ஆடல்முறையை உரக்கச் சொல்ல, வந்தோர் அனைவரும் இளையர் முதியர் என்னும் வேறுபாடின்றி ஆடுவர். அங்கே நடுவரும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை.

கூத்தினை வேத்தியல், பொதுவியல் எனப் பகுத்து நோக்கும் முறை தமிழ் பயில்வார் நன்கறிந்தது. அப்பெயர்களைக் கடன் கொண்டு கூறின், மேடைமேல் நிகழ்வதனை வேத்தியல் என்றும், மண்டபத்தில் நிகழ்வதனைப் பொதுவியல் என்றும் குறிக்கலாம். இஃது உவமை அளவில் கொள்ளத்தக்கதே. எனினும், மேடையாடல் வேந்தர் முன்னிலையில் வளர்ந்த வரலாற்றைப் பின்னர் நோக்கும்போது இப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

மேடை ஆடல்கள்

மேடையில் ஆடப்பெறுவனவற்றுள் தலையாயவை நான்கு. ஹைலாந்து பிளிங், வாளாடல், ஷான் ட்ரூஸ், ஸ்ட்ராத்ஸ்பேயும் ரீலும் இணைந்த நால்வர் ஆடல் என்பன அவை.

ஹைலாந்து பிளிங் ஓரிடத்தைவிட்டுப் பெயராது ஆடப்படுவது. ஆடுவோர் ஒற்றைக் காலின் முன்பாதத்தில் துள்ளி நிற்க, மற்றைக் கால் பக்கவாட்டில் நீண்டு, பின் மடங்கி, நிற்குங்காலின் பின்புறமும் முன்புறமும் மாறி மாறித் தொட்டுச் செல்லும். கைகள் தலைக்குமேல் வளைந்து உயரும். கலைமானின் கொம்புகளை அவை குறிப்பன என்பர். அகலத்தை ஒறுத்து உயரத்தை நாடுவது இவ்வாடலின் அமைதி. இடம் சுருங்கச் சுருங்க அசைவின் நுட்பம் பெருகுவதனை இதன்கண் தெளிவாகக் காணலாம். நன்கு ஆடுவோர்பால் துள்ளலின் ஓசை கேட்பதரிது. முயற்சி புலப்படாத முயற்சியே இதன் அழகு.

வாளாடலில் இரண்டு வாள்கள் தரைமேல் குறுக்கிட்டுக் கிடக்கும். ஆடுவோர் முதலில் வாள்களுக்குப் புறத்தே ஆடிச் சூழ்வர். பின்னர் அவற்றால் அமைந்த நான்கு கட்டங்களினுள் கால் மாற்றி ஆடுவர். இறுதியில் கைதட்ட, இசை விரைவுறும். வாளினைக் காலால் இடம்பெயரச் செய்தோர் போட்டியினின்று நீக்கப்படுவர். கண் கீழ்நோக்காது கால் மட்டும் வாளின் இருப்பறிந்து இயங்க வேண்டியிருத்தலின், இது நினைவாற்றலின் ஆடல் எனினும் பொருந்தும்.

ஷான் ட்ரூஸ் என்பதற்குக் கேலிக் மொழியில் பழைய காற்சட்டை என்பது பொருள். மென்மையும் தாழ்ச்சியும் உடைய நடையில் தொடங்கிக் கைதட்டலுக்குப் பின் விரைந்து முடிவது இது. தொடக்கத்தில் காலை உதறுவது போன்ற அசைவுகள் வரும். இம்மூன்றும் தனியாடல்கள். நான்காவதாகிய நால்வர் ஆடலில், ஆடுவோர் எட்டு என்னும் எண்வடிவில் ஒருவரையொருவர் ஊடறுத்துச் சென்று, பின் இணை இணையாக எதிர்நின்று அடியிட்டு ஆடுவர்.

கதைகளும் சான்றுகளும்

இவ்வாடல்கள் ஒவ்வொன்றனைப் பற்றியும் விழாக்களில் ஒரு கதை சொல்லப்படுகிறது. வாளாடல் மால்கம் மன்னன் 1054ஆம் ஆண்டுப் போரில் பகைவனை வென்று, தன் வாளைப் பகைவன் வாளின்மேல் குறுக்கிட்டு ஆடிய வெற்றிக்கூத்து என்பது ஒரு கதை. போர்க்கு முன் வீரர் ஆடி, வாளிற் கால் பட்டால் தீநிமித்தம் எனக் கொண்டனர் என்பது மற்றொன்று. பிளிங் என்பது வீரர் தம் கேடயத்தின்மேல் நின்று ஆடியது என்பர். ஷான் ட்ரூஸின் உதறல், மலைநாட்டு உடைக்கு விதித்த தடை நீங்கியபின், வெறுத்த காற்சட்டையை உதறி எறிவதனைக் குறிக்கும் என்பர்.

இக்கதைகளைச் சான்றுகளோடு வைத்து நோக்குதல் வேண்டும். 1746ஆம் ஆண்டுச் சட்டம் மலைநாட்டு ஆடவர் தம் மரபுடையை அணிதலைத் தடை செய்ததும், படைப்பிரிவுகளிற் பணிபுரிந்தார்க்கு அதனின்று விலக்கு அளித்ததும், 1782ஆம் ஆண்டில் அச்சட்டம் நீக்கப்பெற்றதும் வரலாற்றுண்மைகள். ஆயின் அச்சட்டத்தில் ஆடலுக்குத் தடை இல்லை. அன்றியும், ஷான் ட்ரூஸின் மென்னடையும் கால்நீட்டலும் போர்க்களத்தையோ மலைச்சாரலையோ நினைவூட்டுவன அல்ல. ஆடலாசிரியரின் பயிற்சிக்கூடத்தையே நினைவூட்டுகின்றன. மால்கம் மன்னன் கதைக்கோ அக்காலத்துச் சான்று யாதும் காட்டப்பெறவில்லை.

ஐயத்திற்கிடமின்றி அறியப்படும் பழைய வாளாடல் முற்றிலும் வேறுவகையினது. 1633ஆம் ஆண்டில் பெர்த் நகரத்துக் கையுறைத் தொழிலாளர், டே ஆற்றின்மேல் அமைத்த மிதவை மேடையில், முதலாம் சார்லஸ் மன்னன் முன் வாளாடினர் என்பது பதிவாகியுள்ளது. அங்கு ஆடியோர் போர்வீரர் அல்லர், நகரத்துக் கைவினைஞர். ஆடியதும் ஒருவன் தனித்தாடியது அன்று, குழுவாக ஆடியது.

ரீல் என்னும் கூட்டாடலுக்குக் கிடைக்கும் பழைய சான்று மேலும் கருதத்தக்கது. 1591ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு சிறுநூல், வடபெர்விக் என்னும் ஊரில் சூனியக் குற்றம் சாற்றப்பட்டோரைப் பற்றியது. அவர்கள் இரவில் தேவாலயத்தின் அருகே கூடி ரீல் ஆடினர் என்றும், டங்கன் என்னும் பணிப்பெண் மோர்சிங் போன்றதொரு சிறுகருவியை வாயில் வைத்து இசைத்தாள் என்றும் அந்நூல் கூறும். ஆறாம் ஜேம்ஸ் மன்னன் அவளை அழைப்பித்துத் தன் முன்னும் இசைக்கச் செய்தான் என்பதும் அதனுள் உள்ளது. அவ்வாக்குமூலங்கள் வதைத்துப் பெறப்பட்டவை. ஆதலின் அவற்றிற் கூறப்படும் நிகழ்ச்சியை உண்மையெனக் கொள்ளுதற்கில்லை. எனினும் ரீல் என்னும் ஆடற்பெயர் அக்காலத்து எளிய மக்களிடை வழங்கியது என்பதற்கு அந்நூலே சான்றாகின்றது. வீரமும் வெற்றியும் பேசும் கதைகளுக்குச் சான்றில்லாமையும், சான்றுள்ள ஆடல் ஒரு பணிப்பெண்ணின் துன்பக் கதையோடு பிணைந்திருத்தலும் ஆராய்ச்சியாளர் உள்ளத்திற் கொள்ளத்தக்கன. விழா அறிவிப்புக்களில் மால்கம் மன்னன் இடம்பெறுகின்றான். டங்கன் இடம்பெறுதல் அரிது.

இனி, இவ்வாடல்களை நமக்கு ஆக்கி அளித்தோர் யாவர் என வினவின், 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஊர்தோறும் சென்று பயிற்றிய ஆடலாசிரியர்க்குப் பெரும்பங்கு உண்டு என்பது விடையாகும். அவர்களுள் அபர்டீன் நகரத்தவராகிய பிரான்சிஸ் பீக்காக் என்பார் 1805ஆம் ஆண்டில் ஆடல் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். ரீல் ஆடலுக்குரிய அடிவகைகளை அவற்றின் கேலிக் பெயர்களோடு அந்நூலுட் குறித்து வைத்தமை அவர் செய்த அருந்தொண்டு. ஒரு நகரத்து ஆசிரியர் மலைநாட்டாரிடமிருந்து கற்றதும், அவர்க்குக் கற்பித்ததும் ஆகிய இருவழிப் போக்குவரவினை அந்நூல் காட்டுகிறது. இத்தகைய ஆசிரியரின் பெயர்கள் மறைந்து, அவ்விடத்தில் மன்னரின் பெயர்கள் அமர்ந்தமையே இக்கதைகளால் விளைந்த தீங்கு என நாம் கருதுகிறோம். கதை பொய்யாயின் கேடில்லை. அப்பொய் உழைத்தோரை மறைக்கும்போதே கேடு உண்டாகிறது.

போட்டியின் ஆக்கமும் இழப்பும்

1781ஆம் ஆண்டில் லண்டன் ஹைலாந்துச் சங்கத்தார் பால்கர்க் என்னும் ஊரில் குழலிசைப் போட்டியைத் தொடங்கினர். பின்னர் அது எடின்பரோவில் நடைபெற்றது. குழலிசையின் இடையிடையே ஆடலும் நிகழ்ந்தது. 1822ஆம் ஆண்டில் நான்காம் ஜார்ஜ் மன்னன் எடின்பரோவுக்கு வந்தபோது, வால்ட்டர் ஸ்காட் முன்னின்று அமைத்த வரவேற்பில் மலைநாட்டு உடை நாடு முழுவதற்கும் உரிய அடையாளமாக்கப்பட்டது. 1848ஆம் ஆண்டில் விக்டோரியா அரசியார் பிரேமார் விழாவிற்கு வந்தார். அரசியாரின் விருப்பம் பிறர்க்கும் விருப்பமாயிற்று. ஊர்தோறும் விழாக்கள் பெருகின. மேடையாடலை வேத்தியல் என்றது இதனானே.

20ஆம் நூற்றாண்டில், விழாக்குழுவினர் வெவ்வேறு விதிகளைக் கொண்டிருந்த நிலையை மாற்றுதற்கு 1950ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து ஹைலாந்து ஆடல் வாரியம் நிறுவப்பெற்றது. அடிவகை, கைநிலை, உடை, மதிப்பெண் ஆகியவற்றிற்கு அவ்வாரியம் ஒரு நெறி வகுத்தது. மதிப்பெண்ணுட் பெரும்பங்கு நுட்பத் திறனுக்கே உரியது. காலம் தவறாமைக்கும் தோற்றப் பொலிவுக்கும் எஞ்சியவை உரியன.

இந்நெறியால் விளைந்த ஆக்கம் சிறிதன்று. டனூனில் ஆடும் ஒரு சிறுமியும், கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ ஆடும் ஒரு சிறுமியும் ஒரே ஆடலை ஆடி ஒரே மேடையிற் போட்டியிட இயலுகின்றது. அடிகளின் தூய்மை முன்னை எக்காலத்தினும் உயர்ந்துள்ளது எனின் அது மிகையாகாது. மேலும், ஆடவர்க்கே உரியதாயிருந்த இப்போட்டியில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெண்கள் புகுந்தனர். இன்று ஆடுவோருட் பெரும்பான்மையோர் அவர்களே. 1950களின் தொடக்கத்தில் அபாயின் விழாக்குழுவினர், பெண்கள் கில்ட் என்னும் ஆடவர் மடிப்புடையை அணிந்து ஆடுதலைத் தடுத்து, வேறோர் உடையை விதித்தனர். அவ்வுடையும் இன்று அபாயின் உடை என்ற பெயரால் சில ஆடல்களுக்குரிய மரபாகிவிட்டது. ஒரு குழுவினரின் தடையாணை, அதனைக் கண்டோர் பலர் வாழ்நாளிலேயே மரபு என்னும் பெயர் பெற்றமை ஈண்டு நோக்கத்தக்கது.

போட்டிக்குரிய ஆடற்பட்டியலும் தூய்மைவாதம் பேசுவோர்க்குத் துணை செய்வதன்று. கடற்படையினர் ஆடிய ஹார்ன்பைப் அதனுள் உண்டு. சினங்கொண்ட அயர்லாந்துப் பெண்ணொருத்தியை நகையாடுவதுபோல் கைமுட்டியை ஆட்டி ஆடும் ஐரிஷ் ஜிக் என்பதும் உண்டு. அயலார் ஆடலும் அயலாரை எள்ளும் ஆடலும் கலந்துள்ள பட்டியலைத் தொன்மைத் தூய்மையின் சின்னமாகக் கொள்ளுதல் எங்ஙனம் பொருந்தும்?

இனி இழப்பினை நோக்குவோம். தனியாடலைத் தனித்தனியே மதிப்பிடுதலில் முரண்பாடு இல்லை. ஹைலாந்து பிளிங் தன் அமைப்பாலேயே ஒருவர்க்குரியது. மேடைமேல் மூவர் ஒருங்கே ஆடினும், ஒருவரையொருவர் நோக்காது தத்தம் வட்டத்துள் ஆடுவது அதற்கு இழுக்கன்று. ஆயின் நால்வர் ஆடலாகிய ரீலின் நிலை வேறு. நால்வரும் இடம்விட்டு இடம் சென்று பின்னிய எண்வடிவமே அதன் உயிர். ஒருவர் சற்றே பிந்தினால் ஏனையோர் தம் வழியைத் திருத்திக்கொள்ள வேண்டும். எதிர்நிற்பாரின் துள்ளலுக்கு ஏற்பத் தம் துள்ளலை அமைத்துக்கொள்ள வேண்டும். போட்டியிலோ நால்வரும் ஒருங்கே ஆடினாலும் ஒவ்வொருவரும் தனித்தனியே மதிப்பிடப்படுகின்றனர். அருகில் ஆடுவோர் துணைவர் அல்லர்; போட்டியாளர். ஆடலின் இலக்கணம் இணக்கத்தை வேண்ட, மதிப்பீட்டின் இலக்கணம் தனிமையை வேண்டுகிறது. உருவம் காக்கப்பட்டும் உட்பொருள் நழுவிய இடம் இதுவே.

பிறந்த ஆண்டு அறியப்பட்ட ஆடல்

மேடைக்கு வெளியே வளர்ந்த மற்றொரு வகை நாட்டுப்புற இணையாடல். ஆடவரும் பெண்டிரும் எதிரெதிர் வரிசையில் நின்று, முதலிணை ஒவ்வோரிணையாகத் தாண்டிக் கீழே செல்லுமாறு ஆடுவது இதன் பொது அமைப்பு. இவ்வகை இங்கிலாந்திலிருந்து வந்தது என்பதில் ஐயமில்லை. 1651ஆம் ஆண்டில் பிளேபோர்டு வெளியிட்ட ஆங்கில ஆடல் நூலில் இதன் மூல வடிவங்களைக் காணலாம். ஸ்காட்லாந்து மக்கள் அதனைத் தம் ரீல் அடிகளாலும், தமக்கே உரிய ஸ்ட்ராத்ஸ்பே என்னும் தாழ்நடை இசையாலும் வேறுபடுத்தித் தமதாக்கிக் கொண்டனர். முதல் உலகப் போருக்குப்பின் புதுநாகரிக ஆடல்களால் இது மறைந்துவிடுமோ என அஞ்சிய ஜீன் மில்லிகன், இசபெல் ஸ்டூவர்ட் என்னும் இருவர் முயற்சியால் 1923ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில் இதற்கென ஒரு சங்கம் தோன்றியது. சங்கம் பழைய ஆடல்களைத் தொகுத்து நூல்களாக வெளியிட்டது. அதனொடு, ஊர்க்கு ஊர் வேறுபட்டிருந்த அடிகளை ஒருமைப்படுத்தவும் செய்தது. பிளெட் இணையர் முதியோர் பலரைக் கண்டு வினவித் தொகுத்து 1964ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல், அவ்வொருமைக்கு முன் நிலவிய வேறுபாடுகளை நமக்கு அறிவிக்கின்றது.

இச்சங்கத்தின் நூல்களுள் இடம்பெற்ற ஆடல்களில் ஒன்று 51ஆம் படைப்பிரிவின் ரீல். 1940ஆம் ஆண்டு ஜூன் திங்களில் பிரான்சு நாட்டுக் கடற்கரையூராகிய சென் வலேரியில் 51ஆம் ஹைலாந்துப் படைப்பிரிவினர் பெருந்தொகையினராகச் சிறைப்பட்டனர். அவர்களுள் லெப்டினன்ட் ஜிம்மி அட்கின்சன் என்பார், செருமனியின் சிறைமுகாமில் இருந்தவாறே, உடனிருந்தோர் துணையோடு இவ்வாடலை அமைத்தார். அங்கே ஆடியோர் அனைவரும் ஆடவர். ஆடலின் நடுவில் நால்வர் கைகோத்து ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைவரை வரிசையாவர். பின்னர் மற்ற இரு மூலைகளையும் இணைத்து வரிசையாவர். இரண்டு வரிசைகளையும் மனத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காண்பார்க்கு, ஸ்காட்லாந்துக் கொடியிலுள்ள புனித ஆண்ட்ரூவின் சாய்சிலுவை தோன்றும்.

இவ்வாடலுக்கு ஆசிரியர் உண்டு, ஆண்டு உண்டு, இடமும் உண்டு. பழமையே மரபெனின் இது மரபன்று. ஆயினும் இன்று உலகெங்கும் இவ்விணையாடல் நிகழும் கூட்டங்களில் இது விரும்பி ஆடப்படுகின்றது. காரணம் யாது? சிறைப்பட்டோர் தம் நாட்டின் பழைய ஆடல்மொழியை நன்கறிந்திருந்தனர். அம்மொழியின் சொற்களாகிய அடிகளையும், தொடர்களாகிய உருக்களையும் கொண்டே புதியதொரு பொருளைக் கூறினர். பிறர் அதனைக் கேட்டவுடனே புரிந்துகொண்டனர். தனியொருவர் இச்சிலுவையை அமைத்தல் இயலாது. பிறர் கையைப் பற்றினாலன்றி அவ்வுரு தோன்றாது. கொடியேற்ற இயலாத இடத்தில் கைகளாற் கொடி அமைத்தனர் எனலாம். மால்கம் மன்னன் கதை கூற முயலும் வீரத்தினும் மேம்பட்டதொரு மனவலிமை சான்றோடு இவ்வாடலில் நிற்கின்றது.

கடல் கடந்த ஆடல்

மரபினைப் பழமையால் அளப்போர் அண்மைக் காலத்தில் வேறொரு வழியிற் சென்றுள்ளனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 19ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை, நிலம் இழந்தும் வறுமையுற்றும் மலைநாட்டார் பல்லாயிரவர் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிற்குக் குடிபெயர்ந்தனர். அங்குள்ள கேப் பிரெட்டன் தீவில் அவர்தம் வழியினர் பிடில் இசைக்கு அடியாடல் ஆடுகின்றனர். தரையை விட்டு உயராத நெருங்கிய அடிகள், தளர்ந்து தொங்கும் கைகள், வீட்டுச் சமையலறையே களம் என்பன அதன் இயல்புகள். பிளிங்கின் உயரத்திற்கும் உயர்ந்த கைகளுக்கும் இது நேர்மாறானது. 1990களில் இவ்வாடல் ஸ்காட்லாந்திற்கு மீண்டது. 1996இல் தென் யூயிஸ்ட் தீவில் தொடங்கிய கோடைப்பள்ளி போன்ற இடங்களிற் பயிற்றப்பெற்றது. 1997ஆம் ஆண்டு முதல் கேப் பிரெட்டனில் நடைபெற்றுவரும் செல்டிக் கலர்ஸ் விழாவிலும் இதனைக் காணலாம்.

இதனைக் கண்ட சிலர், போட்டி மேடையில் நிகழ்வது போலி, இதுவே கலப்பற்ற பழைய ஆடல் என்றனர். இக்கூற்றும் முன்னைக் கூற்றின் மறுபுறமே. இரண்டு நூற்றாண்டு காலம் புதுநாட்டில் பிற மக்களோடு கலந்து வாழ்ந்தோரின் ஆடல் மாறாது நின்றது எனக் கொள்ளுதற்கு நியாயம் இல்லை. கேப் பிரெட்டன் ஆடல் சிறந்தது எனின், அது பழமையாற் சிறந்ததன்று. வீட்டிலும் ஊர்மன்றத்திலும் தலைமுறை தலைமுறையாக மக்கள் அதனை ஆடிக்கொண்டே இருந்தமையாற் சிறந்தது.

மறுசாராரும் உளர். 1983ஆம் ஆண்டில் ஹாப்ஸ்பாமும் ரேஞ்சரும் தொகுத்து வெளியிட்ட, மரபு புனையப்படுதல் பற்றிய கட்டுரைத் தொகுதியில், ட்ரெவர்-ரோப்பர் என்னும் வரலாற்றாசிரியர் ஹைலாந்து மரபுகள் எனப்படுவன பெரிதும் பிற்காலப் புனைவே என வாதிட்டார். கில்ட்டின் இன்றைய வடிவை 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத் தொழிலதிபர் ஒருவர் அமைத்தார் என்பது அவர் கருத்து. உடை பற்றிய அவ்வாதத்தைச் சிலர் ஆடலுக்கும் விரித்து, இவை யாவும் வெறும் புனைவே எனத் தள்ளுவர். புனைந்தோர் யார் என்று காட்டுதல் வரலாற்றுப்பணி. அதனை நாம் போற்றுகிறோம். ஆயின் புனையப்பட்டது என்பதனாலேயே பொருளற்றது என முடித்தல் திறனாய்வு ஆகாது. அம்முடிபு ஏற்கப்படின், சிறைமுகாமில் தோன்றிய ரீலும் பொருளற்றதாய் முடியும். பழமை பாராட்டுவோரும் பழமையை மறுப்போரும் ஒரே அளவுகோலைக் கைக்கொண்டுள்ளனர். அவ்வளவுகோலே தவறு என்பது நம் கருத்து.

முடிபு

மேற்கூறியவற்றால், மரபு என்பது ஓர் ஆடலின் வயதன்று. கொடுப்போரும் கொள்வோரும் இடையறாதிருத்தலே மரபு என்பது பெறப்படும். ஸ்காட்லாந்துப் பள்ளிகளிற் கிறித்துமசுக்கு முன்னுள்ள கிழமைகளில் மாணவர் உடற்பயிற்சி வகுப்பில் கூட்டாடல்களைக் கற்கும் வழக்கம் உண்டு. நாணியும் நகைத்தும் ஒருவர் கையை ஒருவர் பற்றிக் கற்ற அவ்வாடல்களைப் பின்னர்த் திருமண விருந்துகளில் தம் பாட்டனாரோடும் பாட்டியாரோடும் அவர்கள் ஆடுகின்றனர். அவ்வாடல்களுட் பல 19ஆம் நூற்றாண்டிற்கு முற்பட்டன அல்ல. எனினும் மரபின் இயக்கத்தை அங்குக் காணுமளவு தெளிவாகப் பிறிதோரிடத்திற் காண்டல் அரிது.

இதனால் மேடையாடல் தாழ்ந்தது என்பது நம் கருத்தன்று. பிளிங்கின் நுட்பம் கடும் பயிற்சியாலன்றி வாராது. அப்பயிற்சியைப் போட்டியே இதுகாறும் காத்து வந்துள்ளது. ஆயின் விழா நடத்துவோர் மூன்று செய்திகளைக் கருதுதல் நன்று. ஆடல் ஒவ்வொன்றனையும் அறிவிக்குங்கால், கதையைக் கதையென்றும் சான்றைச் சான்றென்றும் பிரித்துரைத்து, அறியப்பட்ட ஆசிரியரின் பெயரையும் ஆண்டையும் கூறுதல் வேண்டும். ரீல் போன்ற கூட்டாடலில் நால்வரின் இணக்கத்திற்கும் மதிப்பெண் வகுத்தல் வேண்டும். பகல் மேடையும் மாலை மண்டபமும் தொடர்பற்று நிற்கும் நிலையை மாற்றி, மேடையில் ஆடியோர் கீழிறங்கிக் காண வந்தோர்க்கு ஓர் எளிய ரீலையேனும் பயிற்றுதல் வேண்டும்.

இவற்றுள் முதலாவது உண்மையைக் காக்கும். இரண்டாவது ஆடலின் இலக்கணத்தைக் காக்கும். மூன்றாவது ஆடலையே காக்கும். காண்போர் மட்டுமே எஞ்சிய ஆடல் எத்துணைப் பழமையுடையதாயினும் காட்சிப்பொருளேயாகும். ஆடுவோர் உள்ளவரை, நேற்றுப் பிறந்த ஆடலும் மரபின்பாற்படும்.